நிலைப்படிமேல் ஓடிய கேபிள்

கோக்-சூ,
ஆகஸ்ட் 11

மதிப்புக்குரிய யாக்கோப் தாவிதோவிச் அவர்களுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் மார்த்தா அவர்களின் நலமும் அறிய ஆவல். கடிதம் நீளும் என்று தோன்றுகிறது. ஆகவே நாம் சேர்ந்து வேலை பார்த்த பழைய கணினி மையத்து வழக்கப்படி உள்ளடக்கத்தை முதலிலேயே எண் போட்டுத் தந்துவிடுகிறேன்.

1. என் உடல்நிலை.
2. ஏரிக் கண்காணிப்பு நிலையத்துக் கணினிக்கு வந்த கோளாறும், அதைக் கண்டுபிடித்த விதமும்.
3. அதனால் கனிஷாய் என்ற பெண்ணின் வேலை தப்பியது.
4. 1986-இல் நான் போட்ட கையெழுத்து. அன்று எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை.
5. நீங்கள் கேட்ட உலர்ந்த ஆப்ரிகாட்.

முதல் விஷயத்தை ஒரே வரியில் முடிக்கலாம். இரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், மற்றபடி குறையில்லை. ஐந்தாவதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மருமகள் இருபதாம் தேதி ஜெர்மனிக்கு, உங்கள் ஹானோவருக்கே வருகிறாள், இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். இந்த வருடத்துப் பழம் சற்றுப் புளிப்பு. மன்னிக்கவும்.

இனி இரண்டாவது.

மலைமேல் இருக்கும் பனியேரியின் நீர்மட்டத்தை ஒரு சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரேடியோ வழியே அனுப்புகிறது. கீழே, ஆற்றோரத்து நிலையத்தில், ரிசீவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கணினி கேட்கும்போதெல்லாம் கொடுக்கிறது. மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கணினி அபாயச் சங்கை ஒலிக்கும். ஆற்றங்கரையில் ஐம்பது வீடுகள் அந்தச் சங்கை நம்பி இருக்கின்றன. கணினியில் ஓடுவது லினக்ஸ். நீங்கள் கடிதங்களிலேயே எனக்குக் கற்றுக் கொடுத்ததுதான். எண்களைப் படிக்கும் நிரலை எழுதியவன் நான். இதைச் சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணம் பிறகு தெரியும்.

ஜூலை நடுவில் கோளாறு தொடங்கியது. திரையில் நீர்மட்ட எண் அப்படியே நின்றுவிடும். கணினி ஓடிக்கொண்டிருக்கும், எண் மட்டும் மாறாது. அணைத்துப் போட்டால் சரியாகும், சில மணி நேரத்தில் மறுபடி நிற்கும். ஒரு முறை நான்கு மணி நேரம் அப்படி நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் ஏரி உடைந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், நிலையத்தில் மூன்று பேர் மாறி மாறிக் காவல் பார்க்கிறார்கள், ஆனால் கோளாறு வந்தது கனிஷாயின் முறையில் மட்டும். ஐந்து நாள், ஐந்தும் அவள் காவலிருந்த பகல்கள்.

கனிஷாய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகளும் இந்தச் சம்பளத்தில்தான் வளர்கின்றன.

நிலையத் தலைவன் ரிஸ்பெக், மையத்தை மூடிய பிறகு நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் என்னிடம் படித்தவன். அதனால் இன்றும் என்னை 'அகாய்' என்றுதான் கூப்பிடுவான். இங்கு வாத்தியாரை அப்படித்தானே அழைப்போம். திங்கட்கிழமை என்னை வரவழைத்து ஒரு தாளை நீட்டினான். "அகாய், பெரிசா ஒண்ணுமில்ல. கீழ ஒரு கையெழுத்து. நிபுணர்னு ஒருத்தர் போடணுமாம், வெள்ளிக்கிழமை மாவட்டத்துலேர்ந்து ஆள் வராங்க" என்றான்.

தாளைப் படித்தேன். யாக்கோப் தாவிதோவிச், அதில் இருந்த வாசகம் இது: 'உபகரணங்கள் நல்ல நிலையில் இருந்தன. தரவு இழப்புக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு.' உங்களுக்கும் இது மனப்பாடமாக இருக்கும். முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அவர்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பெயர் எழுதும் இடத்தில் அன்று உங்கள் பெயர் இருந்தது. இன்று கனிஷாயின் பெயர்.

என் கை பேனாவை எடுத்தும்விட்டது. பிறகு, எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியவில்லை, மூன்று நாள் அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். ரிஸ்பெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு நாளா? அகாய், பரிட்சைக்கே எங்களுக்கு நாப்பது நிமிஷம்தான் குடுத்தீங்க!" என்றான். ஆனாலும் கொடுத்தான்.

உங்கள் விதிப்படியே போனேன். நடந்ததை முதலில் எழுது, நினைப்பதைப் பிறகு எழுது. திங்களன்று நினைவகத்தைச் சோதித்தேன், பிழை இல்லை. வட்டு நன்றாக இருந்தது. வெப்பம் சரி, மின்னழுத்தம் சரி. வேறொரு ரிசீவரை மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. இன்னொரு காவலாளி எமில் எட்டிப் பார்த்து, "அகாய், திருஷ்டி கழிய ஜூனிப்பர் புகை போட்டுப் பாத்துடலாமா? எங்க மாட்டுக்குக் கேட்டுச்சு" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

செவ்வாயன்று லினக்ஸ் தனக்குள் எழுதி வைக்கும் பதிவுகளை முழுவதும் படித்தேன். அங்கே இருந்தது. ரிசீவரின் இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி, ஒரு நொடி கழித்து இணைந்தது என்று அடுத்த வரி. ஆனால் அறுவதற்கு முன் லினக்ஸ் அதற்கு வைத்திருந்த பெயரின் கடைசி எண் பூஜ்யம், இணைந்த பிறகு ஒன்று. பழைய பெயரை என் நிரல் இறுகப் பிடித்துக் கொண்டிருந்ததால் லினக்ஸ் ரிசீவருக்குப் புதுப் பெயர் கொடுத்துவிட்டது. என் நிரலோ, குடியிருந்தவன் பக்கத்து வீட்டுக்கு மாறிப் போனது தெரியாமல் பழைய கதவையே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இப்படி நடக்கலாம் என்று எழுதும்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

திருத்தம் சின்னதுதான். ரிசீவரின் உடலில் பொறித்த தொடர் எண்ணைக் கொண்டு அதற்கு மாறாத பெயர் ஒன்றை வைத்தேன், இணைப்பு போனால் திரையிலிருந்து எண்ணை எடுத்துவிட்டு அதே பெயரைத் தேடித் திறக்கும்படி நிரலை மாற்றினேன். மகிழ்ச்சியில் ரிஸ்பெக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

"ஆக, யாரோ கேபிளப் புடுங்கி மறுபடி சொருகியிருக்காங்க. அவ முறையில மட்டும். போன் சார்ஜ் போட்டிருப்பா!" என்று மேசையைத் தட்டினான். "அகாய், நான் வாயால சொன்னதுக்கு நீங்க ஆதாரமே குடுத்துட்டீங்க."

அவளைக் காப்பாற்றப் போய் மாட்டிவிட்டேன்.

புதனன்று கனிஷாயின் பகல் முறை முழுவதும் அறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். இணைப்பு ஒரு முறைகூட அறவில்லை. மாலை ரிஸ்பெக் வந்து, "நீங்க உக்காந்திருந்தா எப்படிப் புடுங்குவா? என்ன அகாய், இது கூடவா தெரியாது" என்று சிரித்தான். கனிஷாய் தேநீர்க் கிண்ணங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "போன் சார்ஜரை நான் வீட்லயே வெச்சுட்டு வரேன், அகாய்" என்று மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

வியாழன் காலையில் துண்டிப்புகளை ஒரு தாளில் நேர வரிசையாக எழுதினேன். எல்லாம் இரட்டையாக வந்தன. 11:58-க்கு ஒன்று, 12:09-க்கு ஒன்று. 14:57-க்கு ஒன்று, 15:08-க்கு ஒன்று. போனுக்காகப் பிடுங்குகிறவள் ஒரு நொடியில் திரும்பச் சொருகி, பதினோரு நிமிடம் கழித்து ஏன் மறுபடி பிடுங்க வேண்டும்? காவலில் இருப்பவர் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலத்தடிக்குப் போய், ஆற்றில் நட்ட அளவுக் கம்பத்தைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அவள் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 12:03, 15:02. ஐந்து நாள், நாளுக்கு நான்கு நடை. இருபது நடைக்கு நாற்பது துண்டிப்பு. ஒன்றுகூட மீதி வரவில்லை. என் வாழ்நாளில் எந்தக் கணக்கும் இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

அவள் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. மேசைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது வாசல்தான்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியதற்கு வருகிறேன். ரிசீவர் வெளியே தாழ்வாரத் தூணில் இருக்கிறது. அதன் கேபிளை மே மாதம் உள்ளே கொண்டுவந்தவன் நான். சுவர் கருங்கல், துளை போட முடியாது. யோசித்து யோசித்து, நிலைப்படிமேல் வைத்து ரப்பர் பட்டையால் மூடினேன். மிதித்தால் கெடுதி வரும் என்று எங்கள் ஊரில் குழந்தைகூட நிலைப்படியை மிதிக்காது. தாண்டித்தான் போவோம். ஆகவே இந்த நிலையத்தில் கால் படாத ஒரே இடம் அதுதான் என்று முடிவு செய்தேன். உங்கள் ஹானோவரில் எந்த மடையனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

பட்டையைத் தூக்கினேன். கேபிள் ஓர் இடத்தில் நசுங்கியிருந்தது. நடுவில் அல்ல, வலது ஓரத்தில், நிலைக்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஒருவர் கால் வைக்கும் இடத்தில். கட்டைவிரலால் அழுத்தினேன். பதிவில் புதிய வரி விழுந்தது.

கனிஷாயை வரச்சொல்லிக் கேட்டேன். "போன வருஷம் குதிரையிலேர்ந்து விழுந்தேன், அகாய். முட்டி மடங்க மாட்டேங்குது. ஆள் இருந்தா பல்லக் கடிச்சுட்டு தாண்டிருவேன். தனியா இருக்கப்போ மிதிச்சுத்தான் போறேன். மிதிக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுப்பேன்" என்றாள். பிறகு, "சொல்லிடாதீங்க. கால் தெரிஞ்சா உடம்புச் சோதனையிலேயே தள்ளிடுவாங்க. நிலைப்படிய மிதிச்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஏரி உடைஞ்சாலும் என் தலைலதான் விழும்" என்றாள்.

அதனால்தான் நான் பார்த்துக்கொண்டிருந்த புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து பெக்தூரோவா என்ற அம்மாள் வந்தார். ரிஸ்பெக் தன் தாளை வைத்தான். பக்கத்தில் என் தாளை வைத்தேன். அதில் இருந்தது: கோளாறுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, நிரல், எழுதியவர் கசிமாலி. இரண்டு, கேபிள் தவறான இடத்தில் போடப்பட்டது, போட்டவர் கசிமாலி. மேலும், கனிஷாய் ஒரு நடைகூடத் தவறாமல் ஆற்றுக்குப் போய் வந்ததற்குக் கணினியே சாட்சி.

பெக்தூரோவா அம்மாள் நல்ல கேள்வி கேட்டார். "நிலைப்படியில இருந்த கேபிள் எப்படி நசுங்கும்? யாரு மிதிச்சது? நம்ம ஆளுங்க மிதிப்பாங்களா?"

அறையில் எல்லோரும் இருந்தார்கள். கனிஷாய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வலது கையால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலையும் பிறகு மற்றொரு காலையும் வைத்து, நிலைப்படிமேல் ஏறி நின்றேன்.

"ஐயோ அகாய், படி! படி!" என்று எமில் கத்தினான். ரிஸ்பெக் பாதி எழுந்துவிட்டான்.

"வயசான காலு, தம்பி. எப்பவும் தூக்க வரதில்ல" என்றேன். "திரையப் பாருங்க."

திரையில் எண் மறைந்தது. இரண்டு நொடி கழித்து எண் திரும்பி வந்தது, புதிய பெயரில் அல்ல, நான் வைத்த பெயரில். காலைத் தூக்கி மறுபடி மிதித்தேன். மறைந்தது, வந்தது. மூன்றாவது முறையும் மிதித்தேன். அது தேவையே இல்லை, யாக்கோப் தாவிதோவிச். ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

பெக்தூரோவா அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "எறங்குங்க பெரியவரே, எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார். எமில் தலையைச் சொறிந்துகொண்டே, "மே மாசக் குளிர்ல நிலக்கரி வாளி தூக்கிட்டு வரப்போ நானும் ஒண்ணு ரெண்டு தடவ..." என்று இழுத்தான். ரிஸ்பெக்கின் தாளை அந்த அம்மாள் நான்காக மடித்து அடுப்பில் போட்டார். கனிஷாயின் நோட்டை வாங்கிப் பார்த்து, மற்ற இருவரும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேபிளைப் புதிதாக வாங்கி ஜன்னல் சட்டத்தின் மேற்புறமாகக் கொண்டுபோய்விட்டேன். மறுநாள் ரிஸ்பெக் தச்சனை அழைத்து நிலைப்படியைத் தரைமட்டத்துக்கு அறுத்தெடுக்கச் சொன்னான். "அகாயோட காலுக்காக" என்றான். சொல்லும்போது அவன் பார்த்தது என் காலை அல்ல. வகுப்பில் நான் நினைத்ததைவிட அவன் கெட்டிக்காரன். கனிஷாய் நேற்று ஒரு கிண்ணம் பாலேடு கொண்டுவந்தாள். "நீங்க மிதிச்ச மிதிக்குக் கதவே விழுந்துடும்னு பயந்தேன்" என்றாள். இப்போது அவள் கையில் நோட்டோடு நிமிர்ந்து, எதையும் பிடிக்காமல், உள்ளே வருகிறாள், வெளியே போகிறாள்.

மூன்றாவது விஷயமும் இத்துடன் முடிந்தது.

மார்த்தா அவர்களுக்கு என் வணக்கம். குளிர்காலத்தில் நெஞ்சைக் காத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து உங்களை நீக்கிய பிறகு அந்தக் கொதிகலன் அறையில் இரண்டு வருடம் கரி அள்ளியதில்தான் உங்களுக்கு இருமல் பிடித்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு கடிதத்திலும் அதை எழுதியதில்லை. நீங்களும் உங்கள் வீட்டாரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். ஒரு பிழை இருக்கிறது. அடித்து எழுதலாமா என்று பார்த்தேன், வேண்டாம், நீங்களும் பார்க்க வேண்டும். நான்காவது குறிப்பு தவறு. அன்று எனக்கு வேறு வழி இருந்தது. மூன்று நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

உங்கள்,
கசிமாலி