தோட்டக் கதவின் தாழ்ப்பாள்

ஏப்ரல் 9, லா பாஸ்

சூப்பில் உப்பே இல்லை என்று அரன்சிபியா இன்றும் தட்டைத் தள்ளிவிட்டார். மூன்று வாரம் முன்புவரை இந்த நாட்டின் உள்துறை அமைச்சர். ஆட்சி கவிழ்ந்த அன்று, நான் தூதராக இருக்கும் இந்த உருகுவே தூதரகத்தின் சுவரேறிக் குதித்து அடைக்கலம் கேட்டார். எதிர்ச்சாரியில் அவரைப் பிடிக்கச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். உருகுவே மண் என் வாசலோடு முடிகிறது. அவர் நாட்டைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டு கேட்டுப் புது அரசாங்கத்துக்கு ஐந்து கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை.

ஏப்ரல் 11

சமையல்காரி பசிலியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், உப்புப் போட மறந்துவிட்டாயா என்று.

"மறக்கலை ஐயா. சுரங்கத்துல வேலைநிறுத்தம் பண்ணினான்னு எங்க அண்ணனை வீட்டுலேர்ந்து இழுத்துட்டுப் போய், பதினாலு மாசம் அடைச்சு வெச்சது இந்த ஆளுதான். திரும்பி வந்தப்போ வாயில பல்லு இல்ல. இவருக்கு நாக்கு ருசி கேக்குதா?"

"வேற யாரையாவது சமைக்கச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? என் அடுப்புல வேற யாரும் கைவைக்க வேண்டாம்."

ஏப்ரல் 15

எங்கள் தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து தொலைபேசி. அதிபரின் செயலர் ஒலாசோ — ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். வெளியுறவு அமைச்சர் உடம்பு முடியாமல் விலகுகிறாராம்.

"உங்க பேருதான் அடிபடுது. ஆனா அந்தத் தலைவலியை முதல்ல முடிங்க. புது அரசாங்கத்தோட நமக்கு எதுக்கு வம்பு?"

எப்படி முடிப்பது என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இருபத்தெட்டு வருடம். அசுன்சியோன் தூதரகத்தில் கடைநிலைச் செயலராக முத்திரை குத்திய நாளிலிருந்து அந்த அமைச்சர் நாற்காலி...

ஏப்ரல் 16

ஒன்றும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது.

ஏப்ரல் 18

மதிய விருந்தில் புது அரசாங்கத்தின் ஆளான கர்னல் உர்கிதி என் தோளில் கைபோட்டார். "அவர் தினமும் பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்துல நடக்கிறார் இல்லையா? ஒருநாள் பின்கதவு திறந்து கிடந்தா யாரைக் குத்தம் சொல்ல முடியும்?"

சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அந்த ஆள் யோக்கியனா என்ன? பசிலியாவின் அண்ணனுக்காகவாவது — இல்லை. நோட்டில்கூடப் பொய் எழுதுகிறேன்.

ஏப்ரல் 20

எழுதிவிடுகிறேன். பதினொன்றரைக்குக் காவலாளியைத் தபால் நிலையத்துக்கு அனுப்பினேன். தோட்டக் கதவின் தாழ்ப்பாளை நானே நீக்கினேன். மாடிக்கு வந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பன்னிரண்டு. சரளையில் அரன்சிபியாவின் செருப்புச் சத்தம். கதவு ஒருதரம் குலுங்கியது. மறுபடியும். பிறகு கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் விலகிப் போனது.

கீழே ஓடினேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து பசிலியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீதான் போட்டியா?"

"ஆமா."

"அவர் யாருன்னு தெரியும்ல உனக்கு?"

"உங்களைவிட நல்லாத் தெரியும். எங்க அண்ணனையும் இப்படிப் பின்கதவு வழியாத்தான் கொண்டுபோனாங்க. நான் சமைச்சுப் போடற வீட்டுல அது நடக்காது." கத்தியை மடியில் துடைத்தாள். "தள்ளி நில்லுங்க ஐயா, தோலை மிதிக்கறீங்க."

ஏப்ரல் 21

ஒலாசோவைக் கூப்பிட்டேன். அரன்சிபியாவை ஒப்படைக்க மாட்டேன் என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இல்ல."

வைத்துவிட்டான்.

மே 30

அனுமதிச் சீட்டு ஒருவழியாக வந்தது. காரில் பக்கத்திலேயே உட்கார்ந்து போய் விமானம் ஏற்றிவிட்டேன். கைகுலுக்கும்போது அரன்சிபியா சொன்னார்: "உங்க சமையல்காரிக்குச் சமைக்கவே தெரியலை."

அமைச்சர் பதவி வேறொருவருக்கு. செய்தித்தாளில் படம் பார்த்தேன்.

நவம்பர் 3, மொந்தெவிதேயோ

இரண்டரை வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. இதற்குள் இங்கே தேர்தல் வந்து அதிபர் மாறிவிட்டார். இன்று காலை வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றேன்.

புது அதிபர் பேசினார்: "வாசலில் துப்பாக்கிகள் நின்றபோது, அடைக்கலம் வந்தவரைக் காட்டிக்கொடுக்காமல் தன் கையால் கதவைத் தாழிட்டவர் இவர்." அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நன்றி என்றுதான் வந்தது.