உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு

செப்டம்பர் 2, திங்கள்
வெ.

என் வீட்டுக்காரர் இந்த ஸ்டுடியோ நோட்டில் முதலில் வெயிலைத்தான் எழுதுவார். வெ. என்றால் வெயில், மே. என்றால் மேகம், பக்கத்தில் படத்துக்கு எத்தனை நொடி வெளிச்சம் என்று. அவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். மிச்சத் தாள் வீணாகக் கிடப்பானேன் என்று நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு. பிழை இருந்தால் பார்க்க ஆளில்லை.

காலையில் நாலு பேர். எல்லாம் குடியுரிமைப் பாரத்தில் ஒட்டும் படம். சனிக்கிழமை மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் என்று கட்டிய கொடி எதிர்க் கடையில் இன்னும் தொங்குகிறது, மழையில் நனைந்து.

புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு கிழவர்.
"சிரிக்கணுமா?"
"வேணாம் தாத்தா, சும்மா பாருங்க."
"சும்மான்னா எப்படிப் பாக்குறது?"

என் வீட்டுக்காரர் மலாயில் எண்ணுவார். சத்து, டுவா, தீகா. மூன்றாவதில் கேமராவை இயக்கும் ரப்பர் பந்தை அழுத்துவார். தீகா வருவதற்குள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு மரமாகிவிடுவார்கள். பதினாலு வருஷம் அந்தப் படங்களைக் கழுவிக் காயப்போட்டவள் நான். எல்லாம் தீகா முகம்.

இன்று கை தவறி டுவாவிலேயே அழுத்திவிட்டேன். கழுவிப் பார்த்தால் கிழவர் கிழவராகவே இருக்கிறார். இன்னும் ஏதோ கேட்கப்போகிற மாதிரி வாய்.

இனிமேல் டுவா.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று ஈரக் கையோடு இருட்டறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். கூடத்தில் நாற்காலிதான் இருந்தது.

வாங்க: படம் கழுவ ஹைப்போ உப்பு, கிளிப் ஒரு டஜன், காப்பித்தூள்.


செப்டம்பர் 4, புதன்
மே. பிறகு மழை.

கொழுந்தனார் வந்தார், பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து, சைக்கிளில், நனைந்துகொண்டு. "கடைய மூடிட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க அண்ணி. பாரத்துப் படம் எத்தன நாளைக்கு வரும்? கல்யாணப் படம் எடுக்க உங்ககிட்ட யார் வருவா?" நல்ல மனுஷன். காப்பி கொடுத்தேன்.

அவர் சைக்கிள் போனதும் அம்மாக்கண்ணு அக்கா. தபால்காரர் கண்ணையாவுக்கு மூத்த அக்காள். புருஷனை இழந்து இருபது வருஷம். தம்பி மகள், தாயில்லாத கமலத்தைத் தூக்கி வளர்த்தது இவர்தான். ஞாயிற்றுக்கிழமை கமலத்துக்குக் கல்யாணம். தாலி கட்டி நேரே இங்கே வந்து படம் எடுப்பதாக என் வீட்டுக்காரர் இருக்கும்போதே பேச்சு.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. கழுத்துல தாலி ஏறுன கையோட வர்ற பொண்ணு. எதுத்தாப்புல..." முடிக்கவில்லை. "எனக்கும் அதே சட்டந்தான். நானே மேடைப் பக்கம் போகப்போறதில்ல."

"எதுத்தாப்புல எங்க இருக்கப்போறேன்? கேமராத் துணிக்குள்ளதான இருப்பேன். பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே நொழஞ்சுக்கிறேன்."

அக்கா துணியைப் பார்த்தார். "கறுப்பாச்சே. அதுவும் செத்த மனுசன் தலையில கெடந்தது. நல்லாத் தொவச்சு, மேல வேற எதாச்சும் போடு. இல்லன்னா டவுன்ல சீனக் கடைக்குத்தான் போகணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். இந்தக் கல்யாணம் போனால் ஆவணியில் மற்றதும் போகும். கொழுந்தனார் சொன்னது சரியாகிவிடும்.

ஆனால் அந்தத் துணியை நான் இதுவரை துவைக்கவில்லை. உள்ளே தலை விட்டால் அவருடைய தலைத்தைலம், சுருட்டு. வீட்டில் வேறு எதிலும் அந்த வாசனை மிச்சமில்லை. தலையணை உறையைக் கருமாதியன்று யாரோ துவைத்துவிட்டார்கள், நல்ல எண்ணத்தில்.


செப்டம்பர் 5, வியாழன்
வெ.

வாளி, சோப்பு, துணி. இரண்டு தடவை குந்தினேன். இரண்டு தடவையும் எழுந்துவிட்டேன்.

மத்தியானம் பழைய செட்டிகள் வாழும் செட்டிக் கம்பத்திலிருந்து ஒரு அம்மா, மலாய்க்காரி போலக் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு. பெயர் மீனாட்சி, பேச்சு மலாய். மடியில் வைத்துக்கொண்ட சுருக்குப் பையில் நல்ல பூ வேலை. படத்தில் விழட்டும் என்று மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பை வாய் திறந்தது. உள்ளே முழுக்கக் கறுப்புத் துணி.

ஏன் கறுப்பு என்றேன். வெளியே அடுத்தவங்களுக்கு, உள்ளே எனக்கு, அழுக்குத் தெரியாது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எடுக்கத் தவறிவிட்டேன். நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


செப்டம்பர் 6, வெள்ளி
வெ.

பெட்டியைத் திறந்தேன். என் கூறைப் புடவை. அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. இனி கட்டப்போவதில்லை.

கத்தரிக்கோலை வைத்தபோது கை நடுங்கியது என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. நடுங்கவில்லை. பட்டு வழுக்கியது, அவ்வளவுதான். ஊசி இரண்டு உடைந்தது.

கறுப்பை அப்படியே உள்ளே வைத்து, சிவப்பை மேலே தைத்தேன். கரை கீழே தொங்கும்படி.

போர்த்திக்கொண்டு கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பு நைந்த இடங்களில் முன்பு வெளிச்சம் ஒழுகும். இப்போது ஒரு பொட்டு இல்லை. எதிர்க் கடைக் கொடி தலைகீழாக, பளிச்சென்று, கோடு கோடாகத் தெரிந்தது. அவர் ஒருநாளும் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க மாட்டார்.

தைலம் இருக்கிறது.


செப்டம்பர் 8, ஞாயிறு
வெ. அரை நொடி.

அக்கா முன்னாலேயே வந்து துணியைப் பார்த்தார். "செவப்பு. நல்லதாப் போச்சு. தொவச்சியா?"
"புதுசாத் தச்சிட்டேன்க்கா."
பொய்யில்லை. பதிலுமில்லை.

கார் சத்தம் கேட்டதுமே உள்ளே நுழைந்துகொண்டேன். தகரக் கூரை, கொதிக்கிறது. முதுகெல்லாம் வேர்வை. கண்ணாடியில் மாப்பிள்ளையும் பொண்ணும் தலைகீழாகத் தொங்கினார்கள், மாலையோடு. கமலம் முகம் விறைத்துப்போயிருந்தது.

உள்ளிருந்தே சொன்னேன். "மாப்பிள்ள, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. கடிச்சிட மாட்டா."

"அத்தை! துணி பேசுது!" என்றாள் கமலம்.

வெளியே கதவோரத்தில் அக்காவின் குரல். "பேசட்டும்டி. நீ நேராப் பாரு."

"சத்து" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. டுவாவில் அழுத்தினேன்.

கார் போகிற வரை நான் வெளியே வரவில்லை.


செப்டம்பர் 10, செவ்வாய்
வெ.

படம் நன்றாக வந்திருக்கிறது. கமலத்தின் வலது கை மட்டும் கொஞ்சம் ஆட்டம். அதைத் திருத்தப்போவதில்லை.

வாங்கிப்போக அக்கா வந்தார். வெகுநேரம் பார்த்தார். "பல்லு தெரிய இவ சிரிச்சு எம்புட்டு நாளாச்சு. கதவுக்கு அந்தாண்ட நின்னேன், சத்தந்தான் கேட்டுச்சு."

பிறகு கேமரா பக்கம் போனார். கரையைத் தடவினார்.
"இது கூறையாச்சே. யாரோடது?"
"என்னோடதுதான்."

ஓரத்தைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். மோந்தார்.
"தொவைக்கல நீ."
"இல்லக்கா."

முடிந்தது என்று நினைத்தேன். இன்று சாயங்காலத்துக்குள் எங்கள் கஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். இருட்டறையில் குழாய் சொட்டியது. அதைக்கூட மூடப் போகவில்லை நான்.

அக்கா துணியைக் கீழே விட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார்.

"என்னோடது பெட்டியில சும்மா கெடக்கு" என்றார். படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


செப்டம்பர் 12, வியாழன்
மே.

அக்கா, கையில் பொட்டலம். பிரித்தால் மயில்கழுத்துப் பட்டு, அந்துருண்டை வாசனை.

"பின்னாடி தொங்குற திரை சாயம் போயிருக்கு. இது ஆகுமா பாரு. வர்ற ஞாயித்துக்கெழம எங்க தெருவுல ஒரு கல்யாணம், உன்கிட்டதான் வரச் சொல்லியிருக்கேன்."

இரண்டு பேருமாகத் தொங்கவிட்டோம். படத்தில் எப்படி விழும் என்று தெரிய யாராவது முன்னால் உட்கார வேண்டும். அக்காவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எனக்கெதுக்குடி படம்? இந்த மூஞ்சிய யார் பாக்கப் போறா?"

துணிக்குள் போனேன். இப்போது தைலம் பாதி, என் வேர்வை பாதி. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கண்ணாடியில் அக்கா தலைகீழாக, தன் கூறைக்கு முன்னால், முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எண்ணுறியா?" என்றார்.

"சத்து" என்றேன்.