பதினாறாம் நோன்பின் வல்லாரைச் சாறு

உக்குவளை
27.1.1971

என் மகன் நுஹ்மானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், கடல் நடுவில் இருக்கும் உன்னையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டுமென்று ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எல்லா வீட்டிலிருந்தும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் சுகமாக இல்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்தால் தெரியும். உன் வழக்கப்படி தலையையும் வாலையும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்ளாதே, ஓரிடத்தில் உட்கார்ந்து வாசி.

மாலேயிலிருந்து நீ போட்ட கடிதம் கப்பலில் ஆடி அசைந்து போன வாரம்தான் கைக்கு வந்தது. அதில் இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, அங்கே மூன்று நேரமும் மீன்தான், நாக்குச் செத்துவிட்டது, நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முருங்கை மரம் நிற்கிறது, நம் வீட்டில் காலையில் எல்லாரும் குடிக்கிற பச்சை இலைச்சாற்றை எப்படிச் செய்வது என்று எழுதுங்கள், கூட இருக்கிற மாஸ்டர்மாருக்கும் செய்து கொடுக்க வேண்டும் என்று. மற்றது, ஹஜ் பெருநாள் கழித்து லீவில் வந்து றஸ்மியாவின் காரியத்தை முடித்துக்கொள்கிறேன், காதியாரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்று. இலைச்சாற்றுக்கு எட்டு வரி எழுதியிருக்கிறாய், பெண்டாட்டியைத் தலாக் சொல்லி அனுப்புவதற்கு ஒன்றரை வரி. எண்ணிப் பார்த்தேன்.

சாற்றை முதலில் எழுதிவிடுகிறேன், அது லேசான காரியம். இலையை வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். முற்றல் வேண்டாம், தண்டையும் கிள்ளிவிடு. மூன்று தண்ணீரில் அலசு. முருங்கை இலையானால் இரண்டு கைப்பிடி போதும், ஆளுக்கு அரைக் கோப்பைக்கு மேல் குடிக்காதே, வயிற்றைக் கலக்கும். ஒரு சின்ன வெங்காயமும் இரண்டு கல் உப்பும் வைத்து அம்மியில் மசிய அரைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் போட்டுப் பிழி. அலுமினியச் சட்டி வேண்டாம், எனாமல் கோப்பையில் பிடி. தேசிக்காய்ப் புளியைக் குடிக்கிற நேரத்தில்தான் விட வேண்டும், முன்னாலேயே விட்டால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும், உன் மாஸ்டர்மார் முகத்தைச் சுளிப்பார்கள். பிழிந்து வைத்துக்கொண்டு கதையளக்காதே, உடனே குடித்துவிட வேண்டும். இவ்வளவுதான். இதெல்லாம் றஸ்மியாவுக்கு என்னைவிட நன்றாக வரும். கல்யாணம் முடிந்து வந்த மூன்றாம் நாள் நான் சொல்லிக்கொடுத்தேன், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு காலையும் தவறாமல் அவள்தான் அரைத்தாள். எனக்குச் சீனி வியாதி என்பதால் கோவை இலை சேர்த்து என் கோப்பை வேறு, வாப்பாவுக்குத் தனி வல்லாரை என்பதால் அவர் கோப்பை வேறு. நீ இருந்த எட்டு மாதம் உனக்குக் கசக்கும் என்று கித்துள் பாணி ஒரு கரண்டி கலந்து தந்தாளே, அதையாவது ஞாபகம் வைத்திருக்கிறாயா தெரியாது. கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டிருக்கிறாய்.

இனி நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன். நோன்பு மாதத்தில் நான் உனக்குப் போட்ட கடிதத்தில், உன் மனைவியின் கவனயீனத்தால் வாப்பாவின் வயிற்றில் பூச்சி மருந்து போய்விட்டது, மௌத்தின் வாசலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எழுதினேன். கவனயீனமா வேறு எதுவுமா என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம் என்றும் எழுதினேன். அதை எழுத எனக்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இதற்கு முன் யாருக்கும் இப்படி நான் சொல்லவில்லை. நோன்பில் காலையில் எதுவும் குடிக்க முடியாதே, அதனால் சாற்றை நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாற்றியிருந்தோம். பதினாறாம் நோன்பன்று வாப்பா தானே போய், ரயில் பாதைக்குக் கீழே இருக்கிற நம் வயல் வரப்பிலிருந்து ஒரு கூடை வல்லாரை ஆய்ந்துகொண்டு வந்தார். றஸ்மியா மூன்று தண்ணீரில்தான் அலசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரைத்துக் கரைத்த பிறகு கையை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "ஒரு மாதிரி வாட அடிக்குது மாமி, நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடவா?" என்று கேட்டாள். தேவையென்றால் விழுங்காமல் நாக்கில் வைத்துத் துப்பலாம், நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டில் உன் வாப்பாவின் உம்மா காலத்திலிருந்து நோன்போடு சட்டியில் இருப்பதை நாக்கில் வைக்கிற வழக்கம் இல்லை. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் பாங்கு சொன்ன பிறகுதான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. "நோம்போட நாக்குல வைக்கிற பழக்கம் ஒங்க வீட்டுல இருந்தா அங்க வச்சுக்க. சும்மா புழி" என்று சொன்னேன். பிழிந்தாள்.

பாங்கு சொன்னதும் ஈத்தம்பழத்தைக் கடித்துவிட்டு வாப்பா இரண்டு கோப்பை குடித்தார், தாகம். எனக்கு அன்றைக்கு நெஞ்சு கரித்துக்கொண்டிருந்தபடியால் ஒரு மிடறோடு வைத்துவிட்டேன், அதனால்தான் எனக்கு வாந்தியோடு போனது. றஸ்மியா தன் பங்கைத் தட்டால் மூடி வைத்துவிட்டுத் தொழப் போனாள். தொழுதுவிட்டு வருவதற்குள் வாப்பாவுக்கு வேர்த்து ஊற்றி, வாயில் நுரை தள்ளி, கை கால் இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு இது பூச்சி மருந்து என்று சொன்னார். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள்.

நாலாம் நாள் வாப்பாவின் அக்கா, உன் பீபி மாமி, தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறவள், வீட்டுக்கு வந்தாள். குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூடியிருந்த சனத்துக்கு முன்னால், "எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தவ, தன்னுடையத மட்டும் ஏன் மூடி வச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகன், இந்த வீட்டில் மருமகள் கடைசியில்தான் சாப்பிடுவாள், கடைசியில்தான் குடிப்பாள். நானும் இருபது வருஷம் அப்படித்தான் இருந்தேன், என் மாமி மௌத்தான பிறகுதான் எனக்குச் சூடாக ஒரு வாய் சோறு கிடைத்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். வாடை அடிக்கிறது என்று அவள் சொன்னாள், நாக்கில் வைக்க விடாமல் நான்தான் தடுத்தேன் என்றும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் என் நாக்கில் இருந்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். றஸ்மியா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சொல்லை அவள் வாயாலும் சொல்லியிருக்கலாம், மாமிதான் வேண்டாம் என்றார் என்று. சொல்லவில்லை. எனக்காகப் பொறுத்தாளா, நான் சொல்வேன் என்று காத்திருந்தாளா தெரியாது. இருபதாம் நோன்பன்று அவளுடைய வாப்பா யாகூப் இரத்தோட்டையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஸலாம் மட்டும் சொன்னார்.

பிறகு உண்மை தானாக நடந்து வந்தது. நம் வயலைப் பார்க்கிற முத்துவீரன், பதினேழாம் நோன்பன்று விடியற்காலையிலேயே வில்கமுவவில் தம்பியின் காணியில் வேலையென்று போனவன், பொங்கல் கழித்துத்தான் திரும்பினான். அந்தப் பக்கம் பஸ்ஸே சரியாக ஓடுவதில்லை, அவனுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. வாப்பாவின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு என்ன சுகமில்லை என்று கேட்டான். சொன்னேன். அவன் அப்படியே முற்றத்தில் குந்திவிட்டான். "மருந்து அடிச்ச அன்னைக்குக் காலையிலயே மொதலாளிகிட்ட சொன்னேங்கம்மா, ரெண்டு வாரத்துக்கு வரப்புப் பக்கம் கீரை ஆயாதீங்கன்னு" என்றான். வாப்பா சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவன் போன பிறகு நான் கேட்டேன். பயிருக்குத்தானே அடித்தான், வரப்பில் இருக்கிற வல்லாரைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படியானால் இந்த இரண்டு மாதமும் வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். முப்பத்தொரு வருஷக் குடும்பத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்த காரியம் இதுதான் போலிருக்கிறது, ஒரு பிள்ளையின் மேல் பழி விழுந்தபோது அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

உன்னையும் விடப்போவதில்லை. நான் எழுதினேன், சரி, உம்மா எழுதினால் உண்மையென்று எடுத்துக்கொண்டாய். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை, நடந்தது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ அவளுக்குப் போட்ட கடிதத்தை முந்தாநாள் அவளுடைய உம்மா எனக்குக் காட்டினாள். என் வாப்பா எழுந்து நடக்கும்வரை உன் எழுத்து என் கண்ணில் படவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். எங்கள் இரண்டு பேருடைய வாயும் தேவையான நேரத்தில் திறக்கவில்லை, உன் கை தேவையில்லாத நேரத்தில் எழுதியது. மூன்று பேரும் ஒரே வீட்டார்தான், சந்தேகமில்லை.

முந்தாநாள் திங்கட்கிழமை நான் தனியாக பஸ் ஏறி இரத்தோட்டைக்குப் போனேன். வாப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தோட்டத்துச் சனங்களோடு நெருக்கிக்கொண்டு நின்றபடியே போனேன், வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். யாகூப் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். றஸ்மியா வந்தாள். மெலிந்திருக்கிறாள், அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் அடுக்கி வைத்திருந்ததில் பாதியைத்தான் சொன்னேன், முத்துவீரன் சொன்னதையும், நாக்கில் வைக்க விடாமல் தடுத்தது நான்தான் என்று அவளுடைய உம்மாவுக்கு முன்னாலேயே சொன்னேன், மாப்பும் கேட்டேன். அவள் அழவில்லை. நீங்கள் தேத்தண்ணி குடிக்கமாட்டீர்களே மாமி, சீனி கூடாதே என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். அம்மிச் சத்தம் கேட்டது. எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

எனாமல் கோப்பையில் கொண்டு வந்தாள், கோவை இலையும் சேர்த்து, நம் வீட்டில் எனக்குச் செய்கிற மாதிரியே. எனக்கு நீட்டவில்லை. என் முன்னால் நின்று, நான் பார்க்கும்படி, தான் ஒரு மிடறு குடித்தாள். விழுங்கினாள். கோப்பையின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். பிறகுதான் என் கையில் தந்தாள். "குடிங்க மாமி. நான் குடிச்சிட்டேன்" என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை மகன், அப்படியென்றால் எனக்குத் தாங்கியிருக்கும். இனி யாருக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை பழகிவிட்டாள். அவளுடைய உம்மா சொன்னாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாலும் இப்படித்தானாம். நான் முழுக் கோப்பையையும் குடித்தேன். அவ்வளவு கசப்பை நான் இதுவரை குடித்ததில்லை. வீட்டுக்கு வா மகள் என்று கூப்பிட்டேன். அனுப்பியது நீங்கள் மட்டும் இல்லையே மாமி என்று மட்டும் சொன்னாள்.

காதியாரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வாப்பாவின் பெயரால் நீ ஒன்றும் முடிக்க வேண்டாம், வாப்பாவை அந்த நிலைக்குக் கொண்டுபோனது வாப்பாவேதான். உன் கையால் அவளுக்கு எழுது, என் பெயருக்குப் போட்டு அவளிடம் கொடுக்கச் சொல்லாதே, யாகூப்பின் இரத்தோட்டை விலாசம் உன்னிடம் இருக்கிறது. அவள் பதில் போடாவிட்டால் மறுபடியும் எழுது. அதற்கும் போடாவிட்டால் அது அவளுடைய உரிமை, அதற்காக என்னிடம் வந்து அழாதே.

மழையில் நனையாதே, கடலில் குளிக்கப் போகாதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், ஒரு வார்த்தையை இரண்டு பக்கமும் கேட்கிற காதையும் தரட்டும். றஸ்மியாவுக்கும் உனக்கும் சேர்த்தே துஆ கேட்கிறேன், பிரித்துக் கேட்க எனக்கு வரவில்லை.

சாறு செய்கிற முறையில் ஒன்று விட்டுப்போனது, மறக்காமல் செய். பிழிந்து முடித்ததும் முதல் மிடறு பிழிந்தவருக்கு. நம் வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால் மேலே எழுத வரவில்லை.

உன்னைப் பெற்ற உம்மா,
ஹவ்வா