சோப்பு விற்ற காளியம்மன்

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் மாடும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அதைவிடச் சுகமாக இருக்கக் காளியம்மன் துணை. காளியம்மன் என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வருகிறது, ஏன் என்று கேள். போனில் சொன்னால் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

வரப்போகிற வருஷத் திதிக்கு உங்கப்பா படத்தைச் சட்டம் போட திருத்துறைப்பூண்டியில் அப்துல் மஜீது பாய் கடைக்குப் போனேன். நம் மாடத்துக் காளியம்மன் படத்தையும் கூடவே கொண்டுபோனேன், கண்ணாடி எப்போதோ உடைந்தது, சட்டத்தையும் கரையான் அரித்துவிட்டது. உன் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் மூட்டை தூக்கியபோது கொண்டுவந்த படம், கையில் சூலம், காலடியில் சிங்கம், தலையில் கிரீடம். பாய் சட்டத்தைப் பிரித்தால் மறைந்திருந்த அடிப்பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. அவர் மகள் ஹஃப்ஸா படித்துப் பார்த்து, இது சாமி இல்லீங்கம்மா, அந்தக் காலத்து சோப்புக் கம்பெனி விளம்பர அட்டை, நாம தமிழ்த்தாயை வரையிற மாதிரி வெள்ளைக்காரங்க அவங்க நாட்டைப் பொம்பளையா வரைஞ்சிருக்காங்க, கடலெல்லாம் எங்களுதுன்னு காட்டத்தான் சூலம் என்றாள். பாய், நான் அழுக்கைக் குத்தி எடுக்கன்னுல்ல நெனச்சேன் என்றார். நானும் சிரித்தேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் சோப்புக்காரிக்கு ஆடிக்கூழ் படைத்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன். அவள் பக்கத்தில் இருந்த கேடயத்தைத் தாம்பாளம் என்று நினைத்து, அதில் தேங்காய் இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். காளி ஏன் வெள்ளையாக இருக்கிறாள் என்று கேட்டவர்களிடம், இவள் வெயிலில் வயலுக்கு இறங்காத காளி என்று விளக்கம் வேறு.

வீட்டுக்கு வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொன்னுத்தாய் அத்தையிடம் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. சோப்பு விக்க வந்தவளுக்கு வெளக்கேத்துனா எந்த சாமி என் தம்பியக் காப்பாத்தும், நீதான்டி அவன எமனுக்குத் தூக்கிக் குடுத்தே என்றார்கள். அது முள்ளாக நின்றுவிட்டது பூவிழி. போன சம்பாவில் உங்கப்பா நாற்றங்காலில் விழுந்தபோது அவளிடம்தானே போய் முட்டிக்கொண்டேன். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆற்றில் விட்டுவிடு என்றார்கள் அத்தை. படித்துறை வரை போனேன். சாமி படத்தை ஆற்றில் விடலாம், சோப்பு அட்டையை எங்கே விடுவது என்று பைத்தியம் மாதிரி நின்றேன். அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன். குங்குமம் அடை அடையாகக் காய்ந்திருந்தது. வருஷா வருஷம் விதைநெல்லை அவள் முன் வைத்து உங்கப்பா கட்டைவிரலால் அப்பியது. அதை எப்படித் தண்ணீரில் விடுவேன். நான் கூப்பிட்டது காளியைத்தானே, படம் மாறினால் அவளுக்குக் காது கேட்காதா என்றும் தோன்றியது. திரும்பிவிட்டேன்.

நேற்று குறுவைக்கு விதைநெல் ஊறப்போட்டோம். தாலி அறுத்தவள் சாமி படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று அத்தை பங்காளி வீட்டுக் குணசேகரனைக் கூப்பிடப் போனார்கள். அவர்கள் வருவதற்குள் நானே வைத்துவிட்டேன். அசல் காளி என்றால் பயந்திருப்பேன், இவள் ஊரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை போல, முகத்தைத் திருப்பவில்லை. அத்தை வந்து படத்தைப் பார்த்தார்கள், என் விரலைப் பார்த்தார்கள். குணசேகரனிடம், காப்பி குடிச்சிட்டுக் கெளம்புய்யா, வேல முடிஞ்சிபோச்சு என்றார்கள்.

எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

வெயிலில் அலையாதே. மாப்பிள்ளைக்கு மோர் கொடுத்து அனுப்பு. புதுச் சாமி படம் எதுவும் வாங்கி வராதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா ராமாயி