குப்பையோடு போன குரல்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம்தான் என்று எழுதக் கை வரவில்லை, சமாளிக்கிறோம் என்று வைத்துக்கொள்.

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு போனபிறகு, அவள் தட்டுவதை வாய்விட்டுச் சொல்லும் ஏற்பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாயே, அது நன்றாகத்தான் இருந்தது, கம்ப்யூட்டர்தான் நாளுக்கு நாள் இழுபறி. காலையில் ஆன் செய்தால் போதும், கூப்பிடாமலே ஒவ்வொன்றாக வந்து நிற்கும், பாட்டு, பிரிண்டர் அறிவிப்பு, என் பழைய ஆபீஸ் கணக்கு, நீ விளையாடிய கார் பந்தயம். அத்தனையும் வந்து ஓய்ந்தபிறகுதான் அம்மா ‘தண்ணி’ என்று ஒரு வார்த்தை சொல்ல முடியும். அதுவரை விரலை எழுத்துகள்மேல் வைத்தபடி என்னையே பார்ப்பாள். சமையல், துணி, அவளைக் குளிப்பாட்டுவது என்று எனக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருக்கிறது, பொறுக்கவில்லை. தானாகத் தொடங்குபவற்றின் பட்டியலைத் தேடிப் பிடித்து, இவற்றோடு பெயர் புரியாததையெல்லாம் சேர்த்து ஆஃப் செய்துவிட்டேன்.

மறுநாள் கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா தட்டினாள். சத்தமும் இல்லை, திரையில் எழுத்தும் விழவில்லை. ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன், பிடுங்கிச் செருகினேன், கடைசியில் “என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்” என்று அவளிடமே கத்திவிட்டேன். சொல்ல முடியாதவளிடம். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், மதியச் சாப்பாட்டையும் தொடவில்லை.

கீழ்வீட்டுக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். பட்டியலைப் பார்த்ததுமே, “என்ன சார், குப்பையோட சேத்து அம்மா குரலையும் நிறுத்திட்டீங்களே” என்றார். அதையும் வைரஸ் காவலையும் மட்டும் திரும்ப ஆன் செய்து, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டார். அம்மா தட்டிப் பேசும் கட்டம் உடனே திரையில் வந்து நின்றது. அம்மா ஒற்றை விரலால் தட்டினாள். “கத்தாதீங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது” என்றது ஸ்பீக்கர். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் இன்னொன்றும் தட்டினாள். “நீங்க சாப்டீங்களா?”

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, போனில் எப்படிம்மா இருக்கே என்று கேட்டுவிட்டு உடனே அடுத்ததற்குப் போகாதே, அவள் தட்டி முடிக்கும்வரை இரு.

என்றும் உன் நினைவில்,
அப்பா