ஏழு நிமிடப் பொல்லடி

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு உன் மகன் வந்து நீ ஆட்டத்தில் தட்டிய இரண்டு பொல்லுக் கம்புகளையும் என் மடியில் வைத்தான். தேங்காய் எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. ஆட்டத்துக்கு முதல் நாள் எண்ணெய் தடவி வெயிலில் வைப்பாயே, அதே மணம். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி ஒரு மழைக்காலமே போய்விட்டது.

கல்முனைப் பக்கத்தில் எந்தக் கலியாண வீட்டில் பொல்லடி நடந்தாலும் வட்டத்தில் நீயும் நானும்தான் எதிரெதிர். என் இடது பொல்லை உன் வலது பொல்லு சந்திக்கும். சுனாமியில் என் இடது தோள் முறிந்து பொருந்திய பிறகும் அப்படித்தான். கை பழையபடி ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ ஒரு நாளும் மறுக்கவில்லை.

நம்மைப் பிரித்தது கொழும்பில் நடந்த அந்தச் சர்வதேசக் கலை விழா. பல நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரே மேடையில் கூடி, ஒருவர் கலையை மற்றவர் அறிந்துகொள்வதாம். நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன். ஆனால் நமக்குத் தந்தது ஏழு நிமிடம். நபியின் மீது சலவாத்துச் சொல்லி மெதுவாகச் சுற்றி வருகிற தொடக்கத்தை விட்டுவிட்டு, வேகமான முடிவை மட்டும் ஆடச் சொன்னார்கள். அதுவும் போர்த்துக்கலிலிருந்து வந்த பொல்லாட்டக் குழுவோடு கலந்து.

"நம்மட மூத்தவங்கள இந்த நாட்டு மேற்குக் கரையால தொரத்தினவன்ட பேரனோடயா நான் பொல்லடிக்கிற?" என்றேன்.

"நானூறு வருசத்துக் கோவத்த அந்தப் பொடியன்ட தலைல இறக்காத மச்சான். அவனுக்கு இன்னும் மீசயே ஒழுங்கா மொளைக்கல்ல" என்று சிரித்தாய்.

"சலவாத்து இல்லாத ஆட்டத்துக்கு நான் வரல்ல."

"நீ வராட்டி எனக்கு எதிரா ஆரு நிக்கிற?"

"அவனையே நிப்பாட்டு."

அவனையே நிறுத்தினாய். ஆடிவிட்டு ஊர் திரும்பி வந்து தேநீர்க் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் பத்திரிகையை இறக்கவில்லை.

"அவன் நல்லாத்தான் அடிக்கான் மச்சான். என்ட கைதான் தாளம் பிழைச்சிட்டு."

"பிழைக்கும்தான்" என்றேன். அதற்குப் பிறகு நீ அந்த விழாவைப் பற்றி என்னிடம் கதைக்கவே இல்லை.

குழுவில் இப்போது உன் இடத்தில் நிற்கும் உன் மகன், நேற்றுத்தான் கைபேசியில் அந்த ஆட்டத்தைக் காட்டினான். முதல் அடி சரியாகப் படுகிறது. அந்த இளைஞனின் இடது பொல்லு வரும்போது மட்டும் உன் வலது பொல்லு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. அவனுடையது வந்து போய்விடுகிறது. உன்னுடையது வெறும் காற்றை அடிக்கிறது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில், அதே பிழை.

"சனம் சிரிச்சிச்சி மாமா. வாப்பாக்கு வயசு போய்த்து எண்டாங்க."

நீ தாளம் தவறுகிறவன் இல்லை. பொல்லுகளை அவன் கையில் கொடுத்து, "எழும்பு, எனக்கு எதிர நில்லு" என்றேன். முற்றத்தில் நின்று அடித்தோம். என் வலது பொல்லு சரியாகப் பட்டது. இடதுக்கு வந்தபோது அவன் பொல்லு என் விரலில் விழுந்தது.

"மாமா, உங்கட இடது கை பிந்துது."

"பொய் கதைக்காதடா. இன்னொருக்கா அடி."

அடித்தான். விரல் இன்றும் வீங்கித்தான் இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு எத்தனை கலியாண வீடுகளில் எனக்காகப் பிந்தி அடித்திருப்பாய்? பிந்துவதே உன் கைக்குப் பழகிப்போகும் வரை அடித்திருக்கிறாய். அந்தக் கையோடு பல நாட்டார் முன்னால் நின்று சிரிப்பு வாங்கினாய். தேநீர்க் கடையிலாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. அதே ஏழு நிமிடம். தொடக்கம் இல்லாமல் ஆடமாட்டேன் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். அதில் நான் மாறவில்லை, மாறவும் மாட்டேன். நீ இருந்திருந்தால் மறுபடியும் சண்டை பிடித்திருப்போம்.

உன் பொல்லுகளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. எண்ணெய் தடவி வெயிலில் வைத்திருக்கிறேன். ஆனால் முழு ஆட்டத்தையும் ஆடச் சொன்னாலும் இனி நான் வட்டத்துக்குள் இறங்கமாட்டேன், மச்சான். எதிரே யார் நின்றாலும் தாளத்துக்குச் சரியாகத்தான் அடிப்பார்கள்.