அம்மாவின் கைக்கு ஒரு தொட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லி எழுத வைப்பது. நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் எழுதும் அம்மாவின் கையெழுத்து இல்லையே என்று பதறாதே, நான் சொல்லச் சொல்ல மாடிவீட்டு டீச்சர் எழுதுகிறார். போன மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு உன் அம்மாவின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. மூளையில் சின்ன அடைப்பு என்றார் டாக்டர். பேச்சுக்கும் நடைக்கும் ஒன்றும் இல்லை, விரல்கள் மட்டும் மடங்கிக்கொண்டன. உனக்குப் புது வேலை, கேட்டால் அடித்துப் பிடித்து ஓடி வருவாய் என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டாள். இப்போது ஏன் சொல்கிறேன் என்பதை முழுக்கக் கேள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விரிக்கப் பழகணும், விட்டுவிட்டால் இப்படியே இறுகிப்போகும் என்று சொன்னாள். வாளிக்குக் குனிந்தால் தலை சுற்றுகிறது, உள்ளே கையும் தெரியவில்லை. செத்த கையைப் பார்த்து என்னங்க ஆகப்போகுது என்று அம்மா துண்டைப் போட்டு மூடிக்கொண்டாள். அந்தத் துண்டைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கை தெரியக் கண்ணாடித் தொட்டி வாங்கலாம் என்றால், விழுந்து உடைந்தால் ஆபத்து. விளம்பரப் பலகைக் கடையில் முப்பத்திரண்டு வருஷம் கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் அறுத்தவன், படிக்கத் தெரியாமலே ஊருக்கெல்லாம் எழுத்து வெட்டிக் கொடுத்தவன், ஒரு பெட்டி ஒட்ட மாட்டேனா என்று ரோஷம் வந்துவிட்டது. ஐந்து துண்டு அறுத்தேன். பழக்கம் விடுமா, பலகைக்குச் செய்கிற மாதிரி ஓரமெல்லாம் தீ காட்டிப் பளபளவென்று ஆக்கி ஒட்டினேன். மறுநாள் தண்ணீர் ஊற்றினால் ஒட்டின இடமெல்லாம் முடி முடியாகக் கீறல் ஓடி நாலு மூலையும் ஒழுகியது. என்கூட வேலை செய்த நெட்டை வந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். யோவ், போர்டுக்குப் பவுசு வேணும், தொட்டிக்குப் பவுசா வேணும், தீ பட்ட ஓரத்துல ஒட்டு மருந்து பட்டா கீறாம கொஞ்சுமா என்றான்.

மறுபடி அறுத்தேன். இந்த முறை தீயே காட்டவில்லை. ஓரத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, டேப் ஒட்டி நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் மாதிரி இருக்கும் ஒட்டு மருந்தை ஊசியால் இடுக்கில் விட்டேன். அது தானே இழுத்துக்கொண்டு ஓடும், கை நடுங்கினால் குமிழ் விழும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைப் பிடித்தேன். அம்மா எழுந்து வந்து இடது கையால் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்ச விடாம ஊத்துங்க, பல்லைக் கடிச்சா பசை ஒட்டாது என்றாள். அப்புறம் உள்மூலைகளில் கெட்டிப் பசையால் ஒரு கோடு. இரண்டு நாள் காயவிட்டு, செய்தித்தாள் மேல் வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டேன். தாள் மொடமொடவென்று அப்படியே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நன்றாகக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அம்மாவின் கையை உள்ளே வைத்தேன். பக்கவாட்டில் ஐந்து விரலும் தெரிந்தன. அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் சந்தேகம் தீராமல் குனிந்து மூலையைத் தடவிக்கொண்டிருந்தேன், முகத்தில் சளப்பென்று தண்ணீர். நிமிர்ந்தால் சிரிக்கிறாள். ஒழுகுதுங்க உங்க தொட்டி என்கிறாள். தொட்டி ஒழுகவில்லை அம்மாடி, சுட்டுவிரல் சுண்டியிருக்கிறது.

ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா. போனில் அழுது அவளைக் கலக்காதே, இன்றைக்கு எத்தனை தடவை சுண்டினாய் என்று மட்டும் கேள். குழந்தைக்குக் குளிரில் காதை மூடு. நீங்கள் மூவரும் நூறு வயது நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
முகம் துடைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்த
உன் அப்பா